கொட்டும் கீரை

டாக்டர் ஏத்தேரி எழுதிக் கொடுத்த தாளில்
மாத்திரைகள் இரண்டே இரண்டு.
மீதி முழுக்க 'வேண்டாம்'.
உப்பு வேண்டாம். புகையிட்ட பன்றி வேண்டாம்.
பிளாஸ்டிக் பையில் உறைந்து வரும் இறைச்சிக் கொழுக்கட்டை
வேண்டவே வேண்டாம்.
மூன்று வருடமாக நான் தின்பது அது ஒன்றுதான் என்று
அவரிடம் சொல்லவில்லை.

தாளின் பின்பக்கம், பேனாவில் மை தீர்ந்துபோகிற நேரத்தில்,
ஒரே ஒரு 'சாப்பிடுங்கள்':
வேலியோரம் இப்போது என்ன முளைத்திருக்கிறதோ அது.

வேலியோரம் முளைத்திருந்தது செந்தட்டி.

த்கிபுலியில் மார்ச் என்றால்
மலையில் பனி, தெருவில் சேறு.
இருபத்திரண்டு வருடம் சுரங்கத்தில் கரி வெட்டிய கை
விரல் நீளச் செடி ஒன்றுக்கு அஞ்சி நின்றது.
த்சியாலாவின் ரப்பர் கையுறை
பாத்திரத் தொட்டிக்கு அடியில்
அவள் கழற்றிப் போட்டுவிட்டுப் போன இடத்திலேயே கிடந்தது.
ரோஜா நிறம். என் கை பாதிதான் நுழைந்தது.
மிச்சமிருந்த மணிக்கட்டில் கொட்டியது.

கூரையில் தகரம் அடித்துக்கொண்டிருந்த வாலிகோ
மேலிருந்து கேட்டான்: "ஆட்டுக்கா?"
"எனக்கு."
சிரித்த சிரிப்பில் ஆணிகளைக் கீழே சிந்தினான்.
பொறுக்கிக் கொடுத்தேன்.

கொதிக்கிற தண்ணீரில் போட்டதும்
அத்தனை கோபமும் ஒரு நிமிடத்தில் அடங்கிவிட்டது.
வாளி நிறையப் பறித்தது
கிண்ணத்துக்குள் சுருண்டு உட்கார்ந்தது.
இவ்வளவுதானா என்றேன், சத்தமாகவே.
ஆளில்லாத சமையலறையில்
மனிதன் கீரையோடு பேசலாம், தப்பில்லை.

அக்ரூட், போன அக்டோபரில் மரம் தானாக உதிர்த்தது.
வாசற்படியில் வைத்துச் சுத்தியலால் தட்டினேன்.
ஓங்கினால் பருப்பு தூளாகிறது,
மெல்லத் தட்டினால் உருண்டு ஓடுகிறது.
ஏழாவது காயில்தான் கை கணக்கைக் கண்டுகொண்டது.
பூண்டு மூன்று பல், கொத்தமல்லி விதை,
அவள் கையெழுத்து ஒட்டிய டப்பாவில்
அடியில் ஒட்டிக் கிடந்த நீல வெந்தயப் பொடி.
இடிக்க இடிக்க
அக்ரூட் தன் எண்ணெயைத் தானே விட்டது.
உப்பு ஜாடிக்கு நீண்ட கை
பாதி வழியில் வினிகர் பக்கம் திரும்பியது.

எட்டு மணிக்கு பாரியிலிருந்து கூப்பிட்டாள்.
அங்கே பல்லில்லாத ஒருவருக்குப்
பாஸ்தாவைக் குழைய வேகவைத்து ஊட்டிவிட்டு
கை துடைத்த பிறகு எனக்கான அரைமணி.
"என்ன சாப்பிட்டாய்?"
எப்போதும் கேட்பது. எப்போதும் நான் சொல்வது: "ஏதோ."

இன்றைக்குத் தட்டைத் தூக்கித் திரையில் காட்டினேன்.

பேச்சில்லை.
இணைப்பு அறுந்ததோ என்று போனைத் தட்டினேன்.
பிறகு கேட்டாள்:
"பிழிந்தாயா?"

தட்டில் பச்சைத் தண்ணீர் நாலாபக்கமும் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்ரூட் கலக்கும் முன்பு பிழியணும், ஜும்பெர்.
உள்ளங்கையில் வைத்து, இனி ஒரு சொட்டும் இல்லை என்கிற வரை."
"இப்போது என்ன செய்ய?"
"இப்போது அப்படியே சாப்பிடு.
நுனியைக் கிள்ளினால் செடி பக்கத்தில் துளிர்க்கும்."

சோள ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டேன்.
உப்பில்லாத வாயில் முதலில் ஒன்றும் தெரியவில்லை.
பிறகு இரும்பு போல ஒரு ருசி,
மழைக்குப் பின் தண்டவாளத்தின் வாசனை,
அதற்கும் பின்னால், மெதுவாக, பால் போல அக்ரூட்.
"போனை அப்படியே வை" என்றாள்.
நான் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
அவளும் எதையோ மென்றாள்,
என்னவென்று நான் கேட்கவில்லை,
கேட்டிருக்க வேண்டும்.

ரத்த அழுத்தக் கருவி அலமாரியில் இருக்கிறது.
ஒரு வேளைக் கீரைக்கு அது என்ன சொல்லிவிடப்போகிறது.
மணிக்கட்டில் தடிப்பு இன்னும் அரிக்கிறது.

கையுறையைக் கழுவினேன்.
தொட்டிக்கு அடியில் வைக்கவில்லை.
கதவுக்குப் பக்கத்தில், பூட்ஸின் மேல்.